நாலு டாலர், எட்டு டாலர்: கலிபோர்னியாவில் ஒரு சீட்டு மேஜை

சென்ற பொங்கல் விழாவில் அன்பர்கள் பலர் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தீரே, பொழுது எப்படிப் போயிற்று?" நயாகரா, டிஸ்னிலேண்ட், லிவர்மோர் சிவா விஷ்ணு கோவில் என்று பதில் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் "சீட்டாடினேன்" என்றேன். சிலர் சிரித்தார்கள். சிலர் என் மனைவியின் முகத்தைப் பார்த்தார்கள். நமது ஆசிரியர் மட்டும் "அதையே எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார். எனவே இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி இரண்டு வரி. டிப்ளமா முடித்து 1981ல் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. ஆகச் சேர்ந்தவன். புசாவலிலும் ஆம்லாவிலும் நாக்பூரிலும் தண்டவாளத்தைப் பார்த்தே நாற்பது வருஷம் போயிற்று. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் மாலை ரம்மி, பாயிண்டுக்குப் பத்துப் பைசா, பிற்பாடு இருபத்தைந்து பைசா. அதற்கு மேல் போகக் கூடாது என்பது அங்கிருந்த மூத்தவர்களின் கட்டளை. பக்கத்து அறையில் 'தீன் பத்தி' நடக்கும், அதாவது நம்மூர் மூணு சீட்டு. அந்தப் பக்கம் நான் போனதில்லை. காரணம் என் மனைவியின் அண்ணன். பொன்மலையில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர், மங்காத்தாவில் முதலில் சைக்கிளையும் பிறகு மோதிரத்தையும் கடைசியில் மனைவியின் சங்கிலியையும் விட்டவர். அந்தச் சங்கிலியை மீட்டது என் மாமனாரின் பி.எஃப். பணம். ஆகவே எங்கள் வீட்டில் சீட்டு என்ற சொல்லுக்குத் தனி கனம் உண்டு என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மகன் இருப்பது சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில், பிரிமாண்ட் நகரில். காலை எட்டரைக்கு மகனும் மருமகளும் வேலைக்குப் போவார்கள், பேத்தி பள்ளிக்கூடம். பிறகு அந்தத் தெருவில் ஈ, காக்கை கிடையாது. மனைவிக்குத் தொலைக்காட்சியும் சமையலும் போதும். எனக்குப் போதவில்லை. மூன்றாவது வாரம் மகனே சொன்னான்: "அப்பா, பக்கத்துல ஒரு கார்டு ரூம் இருக்கு. பெரியவங்கதான் பகல்ல வருவாங்க. லிமிட் ஆட்டம், சின்னப் பணம். நீங்க வேணா போய்ப் பாருங்க." அவன் வாய் மூடுவதற்குள் அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

பேச்சுவார்த்தை இரண்டு நாள் நடந்தது. முடிவில் மனைவி விதித்த நிபந்தனைகள்: பகலில் மட்டும், ஒரு தடவைக்கு நூறு டாலர், தீர்ந்தால் எழுந்து வந்துவிட வேண்டும். கடன் அட்டை வீட்டில் இருக்க வேண்டும். மொத்தம் அறுநூறு டாலர் போனால் அத்தோடு சரி. எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும், நோட்டை அவள் பார்ப்பாள். ரயில்வேயில் எந்த ஆபீசரும் இவ்வளவு தெளிவாக எனக்கு உத்தரவு போட்டதில்லை.

காசினோ என்றதும் நாம் சினிமாவில் பார்த்த சுழலும் சக்கரமும் மின்னும் இயந்திரங்களும் நினைவுக்கு வரும். கலிபோர்னியாவில் அந்த ஸ்லாட் இயந்திரங்கள் செவ்விந்தியப் பழங்குடியினரின் நிலங்களில் உள்ள காசினோக்களில் மட்டுமே உண்டு. ஊருக்குள் இருப்பவை சீட்டறைகள். ஊரார் அவற்றையும் காசினோ என்றே சொல்கிறார்கள். நான் போனது ஒரு பெரிய கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. முப்பது நாற்பது மேஜை, பச்சைத் துணி, வாசலில் காவலர், சுவரில் கடிகாரம் மட்டும் இல்லை. உள்ளே புகை பிடிக்கக் கூடாது. சாப்பாடு மேஜைக்கே வரும். வியட்நாமிய நூடுல் சூப்பும் சோறும்தான் அதிகம். சாப்பிட்டுக்கொண்டே ஆடலாம்.

அந்த மாநிலத்தில் போக்கருக்குப் பழைய சரித்திரம் உண்டு. டிரா போக்கர் என்ற பழைய வகை அங்கே நெடுங்காலமாக அனுமதிக்கப்பட்டிருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் அருகே கார்டீனா என்ற ஊர் அதனாலேயே பேர் பெற்றது. இப்போது ஆடும் ஹோல்டெம் 1980களின் பிற்பகுதியில்தான் நீதிமன்றம் வரை போய் உள்ளே நுழைந்தது. அது பிறந்த ஊர் டெக்ஸாஸ் மாநிலத்து ராப்ஸ்டவுன் என்று அம்மாநிலச் சட்டமன்றம் 2007ல் தீர்மானமே போட்டிருக்கிறது. ஊருக்குப் பெருமை எதில் வரும் என்று யாரால் சொல்ல முடியும்!

ஆட்டத்தைச் சொல்கிறேன். ரம்மி தெரிந்தவர்களுக்குப் புரிவது சுலபம். ஒரே சீட்டுக்கட்டு, ஜோக்கர் கிடையாது, மேஜையில் ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடப்படும். அதை நீங்கள் மட்டும் பார்க்கலாம். பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டு திறக்கப்படும். இதற்கு 'பிளாப்' என்று பெயர். அப்புறம் ஒன்று, அது 'டர்ன்'. கடைசியாக ஒன்று, அது 'ரிவர்'. உங்கள் இரண்டும் பொது ஐந்தும் சேர்ந்த ஏழில் சிறந்த ஐந்தே உங்கள் கை. ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று ஒரே எண், வரிசை, ஒரே இனம் ஐந்து என்று படிப்படியாக மதிப்பு ஏறும். இரண்டு சீட்டு வந்தவுடன் ஒரு சுற்றுப் பந்தயம், பிளாப், டர்ன், ரிவர் ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சுற்று, ஆக நாலு சுற்று. வேண்டாம் என்றால் சீட்டைத் தள்ளிவிடலாம், ரம்மியில் டிராப் போவது போல.

'லிமிட்' என்பதுதான் முக்கியம். நான் ஆடியது நாலு–எட்டு. முதல் இரண்டு சுற்றில் பந்தயம் நாலு டாலர், பின்னிரண்டு சுற்றில் எட்டு டாலர். இதைவிடக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒருவர் பந்தயம் கட்டினால் மற்றவர்கள் மூன்று முறைதான் ஏற்றலாம். ஆகவே ஒரு சுற்றில் நாலு பங்குக்கு மேல் போகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 16, 16, 32, 32. எவ்வளவு பெரிய வெறி பிடித்தாலும் ஒரு ஆட்டத்தில் 96 டாலருக்கு மேல் போக வழியே இல்லை. எனக்கு இது பார்த்தவுடன் பிடித்துவிட்டது. தாராகோ–மராம்ஜிரி மலைப்பாதையில் நிரந்தர வேகக் கட்டுப்பாடு உண்டு. டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இப்போது உலகமெங்கும் பிரபலமாக இருப்பது 'நோ லிமிட்'. எந்த நேரத்திலும் முன்னால் இருக்கும் மொத்தத்தையும் தள்ளிவிடலாம். 2003ல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் 86 டாலர் கட்டிக் கம்ப்யூட்டரில் ஆடிய போட்டி வழியாக லாஸ் வேகாஸ் உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். (அவர் குடும்பப் பெயரே அதுதான், நான் கற்பனை செய்யவில்லை!) அதைத் தொலைக்காட்சியில் பார்த்த இளைஞர்கள் எல்லாம் அந்த ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். லிமிட் மேஜைகள் பெரியவர்களுக்கு மிஞ்சின.

என் மேஜையில் யார் யார் இருந்தார்கள் என்றால், தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற வியட்நாமியர் இருவர், இரவு டியூட்டி முடித்து நேராக வரும் பிலிப்பைன்ஸ் நர்ஸ் அம்மாள், தபால்துறையில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், ஒரு பஞ்சாபி லாரிக்காரர். தபால்காரருக்கு எண்பது வயது. சீட்டைப் பார்க்க நடுங்கும் கையால் மூலையை மட்டும் தூக்குவார். நல்ல சீட்டு வந்தால் அந்த நடுக்கம் நின்றுவிடும்! மேஜை முழுவதும் இந்த ரகசியம் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

கணக்கில் ருசி உள்ளவர்களுக்கு ஒரு உதாரணம். என் கையில் ஆர்ட்டின் ராஜாவும் ஆர்ட்டின் ஒன்பதும். டர்ன் வரை திறந்த நாலில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒன்று விழுந்தால் ஐந்து ஆர்ட்டின், அநேகமாக ஜெயம். நடுவில் 52 டாலர் சேர்ந்திருக்கிறது, நான் எட்டுக் கொடுத்தால்தான் கடைசிச் சீட்டைப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்தது ஆறு சீட்டு, தெரியாதது 46. அதில் ஆர்ட்டின் ஒன்பது. ஒன்பது தடவை விழும், 37 தடவை விழாது. ஏறக்குறைய ஒன்றுக்கு நாலு எதிராக. ஆனால் கிடைக்கப் போவதோ ஒன்றுக்கு ஆறரை. எனவே கொடுக்க வேண்டும். இதே இடத்தில் நடுவில் ஒரே ஒரு எண் விழுந்தால்தான் வரிசை முடியும் என்று ஒருவர் காத்திருந்தால், அவருக்கு வாய்ப்பு நாலே சீட்டு, ஒன்றுக்குப் பத்தரை எதிராக. அவர் ஆறரைக்கு ஆசைப்பட்டு எட்டு டாலர் போடுகிறார். பஞ்சாபி லாரிக்காரர் ஒவ்வொரு முறையும் போடுவார். சில சமயம் விழும். அப்போது அவர் என்னைப் பார்த்து, "இஞ்சினியர் சாப், உங்கள் கணக்கு எங்கே?" என்று இந்தியில் கேட்பார்.

மேஜையில் ஆட்டம் நடக்கையில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்பது விதி. இருவர் வேறு மொழியில் சீட்டைச் சொல்லிக்கொள்ளக் கூடாதல்லவா? டீலர் பெண்மணி எங்கள் இந்தியைக் கேட்டதும் விரலை உயர்த்துவார்.

இரண்டு ஆஸ் சேர்ந்து வருவதே இந்த ஆட்டத்தில் மிக உயர்ந்த ஆரம்பம். இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1326. அதில் இரண்டு ஆஸ் ஆறுதான். 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. மணிக்கு முப்பது ஆட்டம் நடக்கும், ஆக ஏழு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் ஒரு தரம் வரும். எனக்கு அந்த ஆறு மாதத்தில் 11 முறை வந்தது, ஜெயித்தது ஆறு. ஐந்தாறு பேர் விடாமல் கூடவே வந்தால் யாருக்காவது ஏதாவது பொருந்திவிடும். சின்னப் பண மேஜையில் யாரையும் பயமுறுத்தி வெளியேற்ற முடியாது. நாலு டாலருக்கு யார் பயப்படுவார்கள்? 'பிளப்' என்று பொய்யாக ஏற்றி ஜெயிப்பதெல்லாம் சினிமாவில்தான்.

கனடாவில் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015 ஜனவரியில் ஒன்று அறிவித்தார்கள். இருவர் மட்டும் ஆடும் லிமிட் ஹோல்டெமுக்குக் கம்ப்யூட்டர் முழு விடையே கண்டுபிடித்துவிட்டதாம். அதன் பெயர் செஃபியஸ். 4,800 பிராசசர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் ஓயாமல் ஓடியிருக்கின்றன. ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் அதனோடு ஆடினாலும் அதை நிச்சயமாக மிஞ்சிவிட்டதாகச் சொல்ல முடியாத அளவுக்கு ஆடுமாம். ஒன்பது பேர் மேஜைக்கு அப்படி விடை இல்லை. லாரிக்காரருக்கும் விடை இல்லை.

நிற்க. இதெல்லாம் ஆட்டத்தின் கணக்கு. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வீட்டின் கணக்கு. போக்கரில் காசினோ நம்மோடு ஆடுவதில்லை. நாம் ஒருவர் பணத்தை ஒருவர் எடுத்துக்கொள்கிறோம், அவர்கள் இடமும் டீலரும் தந்து கட்டணம் வாங்குகிறார்கள். பந்தயத் தொகையில் சதவீதம் எடுக்கக் கூடாது என்பது கலிபோர்னியாச் சட்டம். அதனால் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று எடுக்கிறார்கள். என் மேஜையில் ஐந்து டாலர், அதோடு ஜாக்பாட் நிதிக்கு ஒரு டாலர். ஆறு டாலர்தானே என்று தோன்றும். முப்பது ஆட்டத்துக்கு மணிக்கு 180 டாலர். ஒன்பது பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு இருபது. நூறு டாலரோடு உட்காருகிற ஒன்பது பேர் சரிசமமாக ஆடினால், ஐந்து மணி நேரத்தில் மேஜையில் ஒரு காசு இருக்காது. மொத்தமும் அந்தத் துவாரத்துக்குள் போயிருக்கும். எல்லாச் செலவும் போக மணிக்கு ஒரு பெரிய பந்தயம், அதாவது எட்டு டாலர், மிச்சம் பிடிப்பவன் கெட்டிக்காரன் என்பது பழைய ஆட்டக்காரர்களின் கணக்கு. அவன் மற்றவர்களிடம் 28 டாலர் ஜெயித்தால்தான் இந்த எட்டு மிஞ்சும். இதை ஒரு காகிதத்தில் போட்டு நர்ஸ் அம்மாளிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இங்கே ஏர்கண்டிஷன் நன்றாயிருக்கிறது" என்றார். அவர் வீட்டில் யாரும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

அங்கேதான் அந்தத் தம்பியைச் சந்தித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. கடைசிச் சீட்டில் நான் தோற்றபோது வாய் தவறி "போச்சு" என்று சொல்ல, எதிர் நாற்காலியில் இருந்த இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவில் வந்து பேசினார். விருதுநகர்ப் பக்கம். இங்கே முதுகலை படித்து மென்பொருள் வேலை. வாரநாள் காலையில் இங்கே என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"லேஆஃப் அங்கிள். இன்னிக்கு முப்பத்தெட்டாவது நாள்."

எச்–1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அதிகபட்சம் அறுபது நாள் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். 2017 முதல் உள்ள விதி. இவர் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போவதாகச் சொல்லி இங்கே வருகிறார். மனைவிக்குத் தெரியாது. கம்பெனி தந்த இழப்பீட்டில் ஒன்பதாயிரம் டாலர் போய்விட்டது. அது நாலு–எட்டில் போனதல்ல. இங்கே சும்மா சுற்றிவிட்டு மாலையில் நோ லிமிட் மேஜைக்குப் போய்விடுவார்.

"இந்த மேஜைல நாள் பூரா ஆடினாலும் அம்பது டாலர்தான் அங்கிள் வரும். எனக்கு அது பத்தாது."

"எங்கே ஆரம்பிச்சது தம்பி?"

"2020 லாக்டவுன்ல. சென்னையில இருந்தப்போ போன்ல ரம்மி."

என் நோட்டை எடுத்து அந்த இருபது டாலர் கணக்கைக் காட்டினேன். படித்தவர், ஒரு நொடியில் புரிந்துகொண்டார். "தெரியும் அங்கிள். எனக்கு உங்களைவிட நல்லாவே தெரியும்" என்றார். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார். பிறகு கணக்கைப் பற்றி நான் பேசவில்லை. என் மைத்துனர் கதையைச் சொன்னேன், சைக்கிள், மோதிரம், சங்கிலி என்ற வரிசையில். சங்கிலி போனது என் மைத்துனரின் மனைவிக்குத் தெரிய வந்தது அடகுக் கடைக்காரர் மூலமாக. அதுதான் அந்த அம்மாளுக்குத் தாங்கவில்லை, சங்கிலி போனது இரண்டாம் பட்சம் என்று சொன்னேன். தம்பி சூப்பைத் தொடவில்லை. மகன் வீட்டு நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள், இனிமேல் போகாதீர்கள் என்பாள் என்று நினைத்தேன். "அந்தப் பிள்ளை சாப்பிட்டானா?" என்று கேட்டாள்.

எட்டு நாள் கழித்து, பகல் ஒரு மணிக்குத் தம்பி மேஜைப் பக்கம் வந்து, "அங்கிள், ஒரு நிமிஷம் வரமுடியுமா?" என்றார். முந்தின இரவு மனைவியிடம் சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் இரவு முழுவதும் பேசவில்லை, விடியற்காலையில் ஊருக்கு டிக்கெட் பார்த்திருக்கிறாள். அங்கே ஒரு வசதி உண்டு. என்னை உள்ளே விடாதீர்கள் என்று நாமே எழுதிக் கொடுக்கலாம், மாநிலம் முழுவதுக்கும் செல்லும். உதவி கேட்க இலவசத் தொலைபேசி எண்ணும் சுவரில் ஒட்டியிருக்கும். அந்தப் படிவத்தை வாங்கிப் பூர்த்தி செய்ய ஒருவர் கூட இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். நின்றேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கையெழுத்துப் போட்டதும் காவலர் மிகப் பணிவாக அவரை வாசல் வரை கொண்டு வந்து விட்டார். தினமும் இவரைப் பார்த்து 'குட்மார்னிங்' சொன்ன அதே காவலர். தம்பி என்னைக் காரில் வீட்டில் விட்டார். என் மனைவி காபி கொடுத்தாள், சாப்பிட வைத்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "உன் பொண்டாட்டி நம்பரைக் குடுப்பா, நான் பேசறேன்" என்றாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. முக்கால் மணி நேரம் பேசினாள். போன மாதம் தம்பி சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். ஒரு கம்பெனியில் இரண்டு நேர்காணல் முடிந்திருக்கிறதாம்.

நம் நாட்டில் சட்டம் என்ன என்று சங்கத்தில் சிலர் கேட்டார்கள். 1867ல் வெள்ளைக்காரன் போட்ட பொதுச் சூதாட்டச் சட்டமே அடிப்படை, பிறகு மாநிலத்துக்கு ஒரு விதம். ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம், மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1967ல் சொன்னது. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்ஜ், ரம்மியோடு போக்கரையும் சூதாட்டத்திலிருந்து விலக்கியிருக்கிறது. குஜராத் உயர் நீதிமன்றமோ 2017ல் போக்கர் சூதுதான் என்றது. நம் மகாராஷ்டிரத்தில் காசினோவுக்கென்று 1976ல் ஒரு சட்டம் இயற்றி, ஒரு நாள்கூட அமலுக்குக் கொண்டுவராமல் 2023ல் ரத்து செய்தார்கள். கோவாவில் மாண்டவி ஆற்றில் கப்பல் காசினோக்கள் நிற்கின்றன. பணம் கட்டிப் போனில் ஆடும் ஆட்டங்களுக்கு எதிராகத் தமிழ்நாடு 2022ல் சட்டம் கொண்டு வந்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே நாடு முழுவதுக்கும் தடைச் சட்டம் நிறைவேற்றியது. சீட்டாட்டத்தில் வென்ற பணத்துக்கு முப்பது சதவீதம் வரி உண்டு, தோற்றதைக் கழிக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வள்ளுவர் சூதுக்குத் தனி அதிகாரமே வைத்தார், திறமையா அதிர்ஷ்டமா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், போனுக்கும் மேஜைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மேஜையில் சீட்டைக் கலைக்க நேரம் ஆகும், பக்கத்து ஆளின் இருமல் கேட்கும், நாற்காலியிலிருந்து எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். ஆனால் தம்பி எழுந்து நடந்து போனது பக்கத்து மேஜைக்குத்தானே என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அதன்பின் நான் மூன்று முறை போனேன். மனைவி தடுக்கவில்லை. நூறுக்குப் பதில் எண்பது கொடுத்தாள்.

ஊருக்குக் கிளம்பும் முன் நோட்டைக் கூட்டினோம். போனது 26 முறை, இருந்தது 91 மணி நேரம், நிகர நஷ்டம் 538 டாலர். மணிக்கு ஆறு டாலருக்குச் சற்றுக் குறைவு. தலைக்கு இருபது என்ற கட்டணக் கணக்கில் நான் கொடுத்தது 1,820. அப்படியானால் எதிரே இருந்தவர்களிடம் நான் 1,282 டாலர் ஜெயித்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "அந்த நர்ஸ் அம்மாகிட்டயும் சேர்த்துத்தானே?" என்றாள்.

வரும்போது ஒரு பழைய சீட்டுக்கட்டு வாங்கி வந்தேன். காசினோவில் உபயோகித்துக் கழித்த கட்டுகளின் நடுவில் ஓட்டை போட்டு விற்பார்கள், மறுபடி மேஜைக்கு வராமல் இருக்க. பார்க்க விரும்பும் அன்பர்கள் அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க நூலகத்துக்கு வரலாம். ஆடியும் காட்டுகிறேன். பந்தயம் புளியங்கொட்டை. முதல் இரண்டு சுற்றுக்கு நாலு, பின் இரண்டு சுற்றுக்கு எட்டு. கொட்டை என் மனைவியின் பொறுப்பில் இருக்கும், தலைக்கு நூறுதான் தருவாளாம்.